அடைத்தவன் கடன்

காலையில் கூட்டைத் திறந்தால் பத்துக் கோழிகள் செத்துக் கிடக்கின்றன. ஒன்றுக்குத் தலை இல்லை. இன்னொன்றின் கழுத்தில் பல் பதிந்த தடம். மற்றவை மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருக்க, அவற்றில் சிலவற்றின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. பயத்தில் நெருக்கியடித்து மூச்சுமுட்டிச் செத்தவை அவை. வந்த விலங்கு தின்றது மொத்தத்தில் அரைக் கோழி இருக்கலாம். கொல்லைப்புறத்தில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இப்படி ஒரு காலையைப் பற்றியாவது சொல்வார்கள். "பசிக்குத் தின்னுட்டுப் போனா சரி, இப்படிக் கடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கே" என்ற ஆற்றாமை கூடவே வரும். மரநாய்க்கு ரத்தவெறி, கீரி ரத்தத்தை மட்டும் உறிஞ்சும் என்றெல்லாம் ஊருக்கு ஊர் விளக்கம் உண்டு.

அந்த விளக்கத்தை நம்பினால் அடுத்து செய்யத் தோன்றுவது விஷம் வைப்பதும் சுருக்கு வைப்பதும்தான். அதனால் முதலில் வெறி என்கிற சங்கதியைச் சோதித்துப் பார்த்துவிடலாம்.

1960-களில் ஹான்ஸ் க்ரூக் என்ற டச்சு விலங்கியலாளர், இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் ரேவன்கிளாஸ் ஊரை ஒட்டிய மணல்மேடுகளில் நரிகளின் கால்தடங்களைப் படித்துக்கொண்டிருந்தார். அங்கே அப்போது கருந்தலைக் கடற்காகங்கள் ஆயிரக்கணக்கில் தரையில் கூடு கட்டின. சில நாள் காலையில் போனால் பறவைகள் பல செத்துக் கிடக்கும். பெரும்பாலானவற்றை நரி தொட்டுத் தின்றிருக்காது. இது எல்லா நாளும் நடக்கவில்லை. கும்மிருட்டு இரவுகளுக்கு மறுநாள்தான் நடந்தது. அத்தகைய இருட்டில் கடற்காகம் பறக்காது, உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். நரி துரத்தவும் இல்லை, பதுங்கவும் இல்லை. ஒரு பறவையிடமிருந்து அடுத்த பறவைக்கு நடந்தே போயிருக்கிறது என்பதை மணல் காட்டிக்கொடுத்தது. பிறகு தான்சானியாவின் செரெங்கெட்டிச் சமவெளியில் அவர் இதையே பெரிய அளவில் பார்த்தார். புயலும் இருளும் சேர்ந்த ஓர் இரவில் கழுதைப்புலிகள் 80-க்கும் மேற்பட்ட சிறுமான்களைக் கொன்றிருந்தன. தின்றது சொற்பம்.

இரண்டையும் சேர்த்து க்ரூக் 1972-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் இது. வேட்டை என்பது ஒரே செயல்போலத் தெரிந்தாலும் தேடுவது, பதுங்குவது, துரத்துவது, கொல்வது, தின்பது என்று தனித்தனிக் கண்ணிகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் தனித் தூண்டுதல் உண்டு. வயிறு நிறைந்தால் முதலில் அடங்குவது தேடல். கொல்லும் கண்ணி அப்படி அடங்குவதில்லை. கண்ணெதிரே துடிக்கும் இரை இருக்கும்வரை அது இயங்கும். காட்டில் இதனால் பெரிய சேதம் வராது. ஒரு கௌதாரியை அடிக்கும் நொடியில் மற்ற கௌதாரிகள் பறந்துவிடும். நரிக்கு "போதும்" என்று சொல்வது அதன் வயிறு மட்டுமல்ல, தப்பிப் போன இரையும்தான். அந்த இரண்டாவது குரல் கூட்டுக்குள் இல்லை. கதவும் வலையும் அதை அடைத்துவிட்டன. உள்ளே வந்த விலங்குக்குப் பத்தாவது கோழியும் முதல் கோழியைப் போலவே படபடவென்று எதிரே அடித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே அந்தக் காலையின் கொலைக்களத்தை அமைத்ததில் பாதிப் பங்கு கூடு கட்டியவருடையது. இரையை உள்ளே நிறுத்தத் தெரிந்த வேலி, வேட்டையாடியை வெளியே நிறுத்தத் தெரியாததாக இருந்தால், அது வேலியே இல்லாததைவிட மோசம். கோழியையோ ஆட்டையோ அடைக்கும்போது அதன் முன்னோர் லட்சக்கணக்கான ஆண்டுகளாகத் தேடி வைத்திருந்த தற்காப்புகளைப் பறித்துக்கொள்கிறோம். எதையெல்லாம் பறித்தோம் என்று தெரிந்தால்தான் எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது தெரியும். கூடு கட்டும் தொழில்நுட்பம் முழுக்க இந்தக் கணக்குத்தான்.

சில்லறைக் கணக்கும் அல்ல இது. 2019-ல் எடுத்த இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் கொல்லைப்புறக் கோழியினங்கள் மட்டும் சுமார் 31.7 கோடி. முந்தைய 2012 கணக்கைவிட ஏறக்குறைய 46 சதவீதம் அதிகம். பண்ணைக் கோழிகளையும் சேர்த்தால் 12 கோடியைத் தாண்டி முதலிடத்தில் நிற்பது தமிழ்நாடு. நாமக்கல் பண்ணைக்கு மதில் உண்டு, காவலாள் உண்டு. ஓலைக்கொட்டகையில் எட்டுக் கோழி வளர்ப்பவருக்கு அதெல்லாம் கிடையாது.

முதலில் பறித்தது உயரத்தை. வீட்டுக் கோழியின் மூதாதை தென்கிழக்கு ஆசியக் காடுகளின் செந்நிறக் காட்டுக்கோழி. (நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பல வீட்டுக்கோழிகளின் தோலில் உள்ள மஞ்சள் நிறத்துக்கான மரபணு அதனிடமிருந்து வந்தது என்று 2008-ல் கண்டறிந்தார்கள்.) காட்டுக்கோழி பகலெல்லாம் தரையைக் கிளறினாலும் அந்தி சாய்ந்ததும் மரமேறிவிடும். கிளையில் உட்கார்ந்ததும் காலின் தசைநார் இழுபட்டு விரல்கள் தாமாகவே கிளையைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும், தூங்கினாலும் விழாது. நாட்டுக்கோழிக்கு இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கூடு இருந்தாலும் வேப்பமரத்திலோ முருங்கையிலோ ஏறிக்கொள்ளும் கோழிகளைப் பிடித்து அடைப்பதுதானே பல வீடுகளில் சாயங்கால வேலை.

கோழி மரமேறுவதற்குக் காரணம் அதன் கண். கோழியின் விழித்திரை பகலுக்கென்றே செய்தது. நிறம் பிரித்தறியும் கூம்புச் செல்கள் நமக்கு மூன்று வகை என்றால் கோழிக்கு நான்கு. நாம் காணாத, ஊதாவுக்கு அப்பால் உள்ள நிறச்சாயலும் அதற்குத் தெரியும். இந்தச் செழிப்புக்கு விலையாக இருட்டுக்கு வேண்டிய கோல் செல்கள் குறைந்துபோயின. அந்தி மங்கியதும் கோழி ஏறக்குறையக் குருடு. அதனால்தான் ராத்திரியில் எந்தக் கோழியையும் கையால் எடுத்துவிடலாம். அதனால்தான் மரநாயும் எடுத்துவிடுகிறது. டார்ச் அடித்தால் மின்னும் அதன் கண்ணின் பின்னால், உள்ளே நுழைந்த வெளிச்சத்தைத் திருப்பி விழித்திரைக்கே அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. ஒரே ஒளித்துகளுக்கு இரண்டு வாய்ப்பு. காட்டுப்பூனைக்கும் நரிக்கும் நாய்க்கும் இதே வசதி.

மரத்திலேயே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். நாயிடமிருந்து அது நல்ல காப்பு. ஆனால் மரநாய் பெயருக்கேற்றபடி மரமேறி. பழந்தின்னி என்றாலும் கோழி கிடைத்தால் விடாது. ஆகவே கூடு வேண்டும், கூட்டுக்குள் உயரமும் வேண்டும். முட்டிக்கு மேலான உயரத்தில், கால் விரல் சுற்றிப் பிடிக்கும் கனத்தில், எல்லாக் கோழியும் ஒரே மட்டத்தில் உட்காரும்படி ஒரு மூங்கில் கழி. அது சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. வலையை ஒட்டித் தூங்கும் கோழியின் தலையையோ காலையோ வெளியிலிருந்தே இழுத்துவிடுவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கூட்டின் கதவு உடையாமல், பூட்டுப் போட்டபடி இருக்க, தலையில்லாத கோழி உள்ளே கிடப்பதன் மர்மம் பெரும்பாலும் இதுதான்.

இனி வலை. கோழி வலை என்று கடையில் கேட்டால் தருகிற அறுகோண வலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1844-ல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் சார்லஸ் பர்னார்டு என்ற இரும்பு வணிகர், துணி நெய்யும் தறியைப் பார்த்து, கம்பியை முறுக்கிப் பின்னும் பொறியை அமைத்தார். நெசவு ஊரில் பிறந்த வலை. மலிவானது, வளைவது, எடை குறைந்தது. கோழியை உள்ளே நிறுத்த அது போதும். நாயை வெளியே நிறுத்த அது போதாது. கம்பியின் கனத்தை கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் கூடக் கூடக் கம்பி மெலியும். கோழி வலையில் சாதாரணமாக வரும் 22 கேஜ் கம்பி 0.7 மில்லிமீட்டர். 14 கேஜ் கம்பி 2 மில்லிமீட்டர். விட்டம் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் இழுத்து அறுக்கத் தேவைப்படும் விசை குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, பரப்பு விட்டத்தின் இருமடிக்கு ஏறும். ஆக எட்டு மடங்கு. வளைவதை எதிர்ப்பதோ விட்டத்தின் நான்மடிக்கு ஏறும். அறுபது மடங்குக்கு மேல். கடையில் விலை வித்தியாசம் பார்த்து மெலிந்த வலையை வாங்கும்போது எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை இந்த நான்மடி சொல்லும்.

அதோடு முறுக்குவலையில் ஓர் இழை அறுந்தால் பக்கத்து முறுக்குகளும் தளரும். வெல்டு மெஷ் எனப்படும் பற்றவைத்த சதுரவலையில் அறுந்த இடம் அறுந்த இடத்தோடு நிற்கும். கண்ணி எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும் என்பது எதற்கு அஞ்சுகிறோம் என்பதைப் பொறுத்தது. பாலூட்டிகளில் பொதுவாகத் தலை நுழைந்தால் உடல் நுழைந்துவிடும். கீரியின் கூர்மூக்குத் தலையைப் பார்த்தால் அது எவ்வளவு சிறிய சந்து என்பது புரியும். கீழ்ப்பக்கம் இரண்டடி உயரம் வரையாவது அரை அங்குலக் கண்ணி போட்டால் கீரி, பெருச்சாளி, பெரிய பாம்பு மூன்றும் வெளியே நிற்கும். மேலே ஓர் அங்குலம் போதும். முழுக்கச் சின்னக் கண்ணி போடக் காசிருந்தால் போடலாம். நான் கீழே செலவழித்து மேலே மிச்சம் பிடிக்கவே சொல்வேன். துத்தநாகம் பூசிய கம்பியாக இருக்கட்டும். அந்தப் பூச்சு வெறும் மறைப்பு அல்ல. கீறல் விழுந்த இடத்திலும் இரும்புக்குப் பதிலாகத் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. ஈரமும் கோழி எச்சத்தின் அம்மோனியாவும் இருக்கும் இடத்தில் அது வேகமாகவே தீரும். ஆகவே எருவை வலையோரம் குவிய விடக் கூடாது.

வலை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் மண் மிருதுவாக இருந்தால் பயனில்லை. இந்த விஷயத்தில் உலகிலேயே கவனமாகப் பாடம் படித்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். அங்கே நரியும் பூனையும் வெள்ளையர் கொண்டுவந்த விலங்குகள். உள்நாட்டுச் சிறு விலங்குகள் அவற்றைச் சந்தித்ததே இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் ராக்ஸ்பி டவுன்ஸ் ஊருக்கு அருகே 1997-ல் தொடங்கிய 'அரிட் ரிகவரி' காப்பகம், பாலைவனத்தின் நடுவே பெரிய பரப்பை வேலியிட்டு அந்த விலங்குகளை உள்ளே மீட்டெடுக்க முயன்றது. கேத்தரின் மோஸ்பி, ஜான் ரீட் இருவரும் எந்த வேலி நிற்கும், எது தோற்கும் என்று நரிகளையும் பூனைகளையும் விட்டே சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். வென்ற வேலி சுமார் 180 செ.மீ. உயரம்தான். அதன் பலம் இரண்டு ஓரங்களில் இருந்தது.

கீழ் ஓரத்தில் வலையை ஆழமாகப் புதைக்கவில்லை; வெளிப்பக்கமாக மடித்துத் தரையோடு விரித்தார்கள். தோண்டும் விலங்கு தன்னைத் தடுத்த சுவரின் அடியில்தான் தோண்டும். பின்னால் இரண்டடி நகர்ந்து அங்கிருந்து சுரங்கம் வெட்டினால் ஆயிற்று என்ற யோசனை அதற்கு வருவதில்லை. நின்ற இடத்தில் நகம் வலையில் படும். கொஞ்சம் தள்ளி முயன்றாலும் அங்கும் வலை. ஒன்றரை அடி அகலத்துக்கு இப்படி விரித்து மேலே கல்லோ மண்ணோ போட்டுவிட்டால் சில மாதத்தில் புல் முளைத்து வலையைத் தைத்துவிடும். இரண்டடிப் பள்ளம் வெட்டுவதைவிட எவ்வளவோ எளிது. பாறை நிலத்தில் இதுதான் வழி. மேல் ஓரத்தில் அவர்கள் செய்தது இன்னும் சுவையானது. வலையை விறைப்பாக நிறுத்தாமல் வெளிப்பக்கம் வளைத்துத் தொங்கலாக விட்டார்கள். ஏறி வந்த பூனையின் எடைக்கு அந்தத் தொங்கல் ஆடிச் சாயும், பூனை பிடி தவறி விழும். விறைப்பான வேலியே நல்ல வேலி என்கிற நம் எண்ணத்துக்கு இது நேர்மாறு. கொல்லைப்புறக் கூட்டுக்குத் தொங்கல் வேண்டாம். மேலே கூரையே போட்டுவிடலாம், போட்டே ஆகவும் வேண்டும். ஆனால் பெரிய மேய்ச்சல் முற்றத்துக்கு வேலி போடுபவர்கள் இதை முயன்று பார்க்கலாம்.

பாம்பு வேறு கதை. சாரையும் நல்ல பாம்பும் கோழிக்கூட்டுக்கு வருவது பெரும்பாலும் கோழிக்காக இல்லை. சிந்திய தீவனத்துக்கு எலி வருகிறது. எலியின் வாசத்தை நாக்கால் அள்ளி, மேலண்ணத்தில் உள்ள உறுப்பில் ஒற்றிப் பார்த்தபடி பாம்பு வருகிறது. வந்த இடத்தில் முட்டையும் குஞ்சும் இருந்தால் அதையும் விழுங்குகிறது. பாம்புக்குப் பின்னால் கீரி வருகிறது. ஒரு பிடி கம்பு இரவு முழுக்கத் தரையில் கிடந்ததன் விலை இது. தீவனத்தை மூடியிட்ட தகர டின்னில் வைப்பது, மாலையில் மிச்சத்தைக் கூட்டி எடுப்பது, அந்திக்கு முன் முட்டையைப் பொறுக்கிவிடுவது ஆகிய மூன்றும் சேர்ந்து எந்த வலையைவிடவும் பாம்பைக் குறைக்கும். நாஃப்தலீன் உருண்டை, கந்தகம் ஆகியவற்றைப் போட்டால் பாம்பு வராது என்பது பரவலான நம்பிக்கை. சோதித்துப் பார்த்தபோது பாம்புகள் அவற்றின் மேலேயே ஊர்ந்து போயின. உருண்டைக்கான காசை டின்னுக்குப் போடுங்கள். கூட்டுக்குள் முட்டை விழுங்கி வயிறு புடைத்து, வந்த சந்து வழியே திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட பாம்பைக் கண்டால் அடிக்காமல் வனத்துறையையோ தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிடுவதுதான் முறை. பாம்பு, கீரி, காட்டுப்பூனை, நரி எல்லாமே 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருப்பவை.

பகலில் நிலைமை வேறு. கீரி பகல் விலங்கு. பருந்தும் வல்லூறும் காக்கையும் பகலில்தான் வரும். ஆனால் பகலில் கோழி குருடில்லை, ஊமையும் இல்லை. சேவலின் எச்சரிக்கைக் குரலில் இரண்டு வகை இருப்பதைக் கோழி வளர்த்தவர்கள் காதால் அறிவார்கள். தரையில் நாயோ கீரியோ வந்தால் வெட்டி வெட்டி "கொக் கொக் கொக்" என்று ஊரைக் கூட்டும். வானத்தில் பருந்து வட்டமிட்டால் ஒல்லியான, நீண்ட ஒற்றை இழுப்பு. 1955-ல் பீட்டர் மார்லர் என்ற விலங்கியலாளர் இத்தகைய குரலுக்கு ஓர் இயற்பியல் காரணம் சொன்னார். திடீரென்று தொடங்காமல் மெல்ல எழுந்து மெல்ல அடங்கும் உயர்ந்த ஒற்றைச் சுருதி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது காதுக்குக் கடினம். பருந்துக்குச் சேவலின் இருப்பிடம் தெரியாது; பேடைக்கு விஷயம் தெரிந்துவிடும். தரைப்பகைக்கு எதிரான குரலோ திசையை மறைப்பதே இல்லை. "உன்னைப் பார்த்துவிட்டேன்" என்று பகைவனுக்கே சொல்லும் குரல் அது. பதுங்கி வருபவன் கண்டுபிடிக்கப்பட்ட பின் காத்திருந்து பயனில்லை.

இது வெறும் பதற்றத்தின் அளவா, நிஜமாகவே "மேலே" என்றும் "கீழே" என்றும் சேவல் சொல்கிறதா? மார்லரும் கிறிஸ்டோபர் எவன்ஸும் லிண்டா எவன்ஸும் 1993-ல் வெளியிட்ட சோதனையில் கூண்டுக்கு மேலே ஒரு திரையில் பறக்கும் வல்லூறின் உருவத்தையும், பக்கத்துத் திரையில் ரக்கூன் என்ற அமெரிக்கத் தரை விலங்கையும் காட்டினார்கள். சேவல்கள் சரியாக அந்தந்தக் குரலைக் கொடுத்தன. பிறகு படம் ஏதும் காட்டாமல் குரலின் பதிவை மட்டும் போட்டார்கள். வான் எச்சரிக்கையைக் கேட்ட பேடைகள் மறைவிடத்துக்கு ஓடிப் பதுங்கின, மேலே பார்த்தன. தரை எச்சரிக்கையைக் கேட்டவை கழுத்தை நீட்டி நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தன. இன்னொரு குறும்பான கண்டுபிடிப்பும் உண்டு: அருகில் பேடை இருந்தால் சேவல் வான் எச்சரிக்கையை அதிகம் கொடுக்கிறது, தனியாக இருந்தால் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை.

இதிலிருந்து கூட்டுக்காரருக்குச் சில விஷயங்கள் கிடைக்கின்றன. முட்டைக்குச் சேவல் தேவையில்லை என்று கணக்குப் பார்த்து அதைக் குழம்பு வைத்துவிடுபவர், சம்பளமில்லாத காவலாளியையும் சேர்த்தே சாப்பிடுகிறார். இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகளைத் தாயில்லாமல் வெட்டவெளியில் விடுவது காக்கைக்குப் படையல். அடுத்து, எச்சரிக்கை கேட்டவுடன் ஓடிப் பதுங்க ஓர் இடம் வேண்டும். சுத்தமாகக் கூட்டிப் பெருக்கிய மொட்டை முற்றத்தில் கோழிக்குக் குரல் இருந்து என்ன பயன்? கறிவேப்பிலைப் புதரோ, பாகல் பந்தலோ, சாய்த்து வைத்த ஓலைத் தட்டியோ பத்தடிக்கு ஒன்றாக இருந்தால் போதும். குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது, கொங்குப் பக்கம் கொடாப்பில் அடைப்பது, யாழ்ப்பாணத்தில் கரப்பால் மூடுவது எல்லாம் இதே அறிவுதான். செத்த காக்கையைக் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தை மூடப்பழக்கம் என்று நினைத்திருந்தேன். ஆனால் கேலி ஸ்விஃப்ட், ஜான் மார்ஸ்லஃப் இருவரும் சியாட்டிலில் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், தம் இனத்தின் பிணத்தைக் கண்ட காகங்கள் அந்த இடத்துக்குத் தீனிக்கு வர அதன் பிறகு தயங்கின. அமெரிக்கக் காகத்திடம் செய்த ஆய்வு. நம் காக்கைக்கு எவ்வளவு பொருந்தும் என்பது வேறு விஷயம்.

மின்னும் விளக்கு வைத்தால் ஒன்றும் வராது என்று விற்கிறார்கள். சிலியின் மேட்டுநிலத்தில் லாமா, அல்பாக்கா மந்தைகளுக்கு அருகே நிறமும் நேரமும் மாறி மாறி மின்னும் விளக்குகளை வைத்தும் வைக்காமலும் சோதித்து ஓமர் ஓரென்ஸும் சகாக்களும் 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். பூமா என்ற பெரும்பூனை வரவில்லை. ஆண்டிஸ் நரி அதைச் சட்டையே செய்யவில்லை. ஒரே விளக்கு, ஒரே இரவு, இரண்டு விலங்கு, இரண்டு பதில். எது வருகிறது என்று தெரியாமல் வாங்கும் எந்தக் கருவியும் இப்படித்தான். வாங்கும் முன் கூட்டைச் சுற்றி நாலு நாள் மணலைப் பரப்பிக் காலடி பாருங்கள். நாயின் தடத்தில் நகம் பதியும். பூனை நகத்தை உள்ளிழுத்து நடக்கும்.

ஆட்டுப்பட்டிக்கு வந்தால் முதல் பகை நாய்தான், காட்டு விலங்கு அல்ல. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதிகளில் அண்மை ஆண்டுகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுச் சாலைக்கு வருவதும் தொடர் செய்தி. இங்கும் தின்றது குறைவு, கொன்றது அதிகம். ரேமண்ட் காப்பிங்கர் என்ற அமெரிக்க அறிஞர் நாய்களைப் பற்றிச் சொன்னது இங்கே உதவும். ஓநாயிடம் கோர்வையாக இருந்த வேட்டைக் கண்ணிகள், நாயாக மாறியபோது அங்கங்கே அறுந்துவிட்டன. மேய்ப்பு நாயிடம் உற்றுப் பார்ப்பதும் துரத்துவதும் மிஞ்சியது, கொல்வது அறுந்தது. பல நாய்களிடம் துரத்திக் கவ்வுவது மட்டும் தனியே நிற்கிறது. தின்பதோடு அதற்குத் தொடர்பே இல்லை. ஓடும் ஆடுதான் தூண்டுதல். பட்டிக்குள் ஆடு ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே போக வழி இல்லை.

இதே காப்பிங்கர்தான் 1970-களிலிருந்து காவல் நாய்களை அமெரிக்க மந்தைகளுக்குப் பழக்கிச் சோதித்தவர். குட்டியாக இருக்கும் சில வாரங்கள் ஆட்டோடு வளர்ந்த நாய் ஆட்டைத் தன் கூட்டமாகவே கொள்ளும். ஆஸ்திரேலியாவின் வார்னம்பூல் நகரில் ஒரு கோழிப் பண்ணைக்காரர் தம் கோழிகளைக் காக்க மரெம்மா என்ற இத்தாலியக் காவல் நாய்களை வைத்திருந்தார். அருகே மிடில் தீவில் குட்டிப் பெங்குவின்களை நரிகள் பத்துக்கும் கீழே குறைத்திருந்த நிலையில், 2006-ல் அவர் சொன்ன யோசனைப்படி அந்த நாய்களைத் தீவுக்கு அனுப்பினார்கள். பெங்குவின்கள் மீண்டன. கோழிக்கூட்டின் அறிவு ஒரு தீவைக் காப்பாற்றிய கதை என்று இதைச் சினிமாவாகவும் எடுத்தார்கள். நம் ஊரில் பிரச்சினை, பட்டிக்கு நாய் இருந்தும் அது ஆட்டோடு வளராமல் வீட்டோடு வளர்ந்திருப்பது.

தாளவாடி, வால்பாறை, நீலகிரிப் பக்கம் சிறுத்தையைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். அங்கே சுவரின் உயரம் ஏமாற்று. ஆறடிச் சுவர் தாண்டி உள்ளே குதிக்கத் தெரிந்த விலங்கு, ஆட்டோடு வெளியே வரத் திணறும். அந்தத் திணறலில் மற்ற ஆடுகளும் போகும். லடாக்கின் ஹெமிஸ் தேசியப் பூங்காவை ஒட்டிய கிராமங்களில் பனிச்சிறுத்தையால் ஒரே இரவில் பட்டியே காலியாவது வழக்கமாக இருந்தது. ராட்னி ஜாக்சனும் ரின்சென் வாங்சுக்கும் கிராமத்தாரோடு சேர்ந்து செய்தது மிகச் சாதாரணமான வேலை: கல்சுவர்ப் பட்டிக்கு மேலே கம்பிவலை மூடி, சந்துகளை அடைத்து, நெருக்கமாகப் பொருந்தும் கதவு போட்டார்கள். கொங்கு நாட்டில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி நிற்கும் கிளுவை வேலி பகல் மேய்ச்சலுக்கு அருமையானது. அந்தி சாய்ந்ததும் கூரையுள்ள கொட்டகையின் வேலையை அதனால் செய்ய முடியாது.

மின்வேலி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். முறையான மின்வேலிக் கருவி பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தை நொடிக்கு ஒருமுறை, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவான நேரம் மட்டுமே கொடுக்கிறது. தசை சுருங்கி விடுபட நேரம் கிடைக்கிறது, வலிக்கும், கொல்லாது. மின்சாரம் விலங்கின் உடல் வழியே மண்ணுக்குப் போய்த்தான் சுற்று முடியும் என்பதால் கோடையில் காய்ந்த மண்ணில் அதன் வேகம் குறையும். தரைக்கம்பியை ஈரம் நிற்கும் இடத்தில் அடிக்க வேண்டும். வீட்டு இணைப்பிலிருந்து கம்பியை நேரே வேலிக்கு இழுப்பது இதற்கு எந்த வகையிலும் உறவில்லாத செயல். அதில் இடைவெளியே கிடையாது. பிடித்த கை விடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு கம்பியில் மூன்று யானைகள் இறந்தன. அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்யவும் முறைப்படுத்தவும் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. பத்துக் கோழிக்கு மின்வேலியே தேவையில்லை என்பது என் கருத்து.

அதைவிட மலிவானது கதவு. வெளிச்சம் மங்கினால் தானே மூடிக்கொள்ளும் கதவுகள் இப்போது கிடைக்கின்றன. கோழி தானாகவே அந்திக்கு அடையும் என்பதால் அவை நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் கதவு மூடும்போது ஒரு கோழி வெளியே நின்றால் அதைப் பற்றி யாருக்கும் தெரியாது. மூடுவதற்கு முன் எண்ணுவது மனிதர் வேலையாகவே இருக்கட்டும். எண்ணும்போது கழிக்கு அடியிலும் முட்டைப் பெட்டிக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பகலிலேயே உள்ளே வந்து சுருண்டிருக்கும் சாரையை வைத்து மூடிவிட்டால் மேலே சொன்ன வலை எதற்கும் அர்த்தமில்லை. தாழ்ப்பாளை இரண்டாகப் போடுங்கள், ஒன்று இழுக்கிற மாதிரி, மற்றொன்று தூக்கித் திருப்புகிற மாதிரி. குரங்கு நடமாடும் ஊர் என்றால் அதோடு ஒரு சின்னப் பூட்டு. ஒற்றைத் தாழ்ப்பாளை எப்படித் திறப்பது என்பதை நாட்டுக் குரங்கு பார்த்தே கற்றுக்கொள்ளும், முட்டையும் அதற்குப் பிடிக்கும்.